கதையுள் நுழைந்த புதியவருக்குப் பெயர் யாது?

பிறர் நட்ட மரத்திலே தம் ஊஞ்சலைக் கட்டி ஆடுவது பிள்ளைகளுக்கு இயல்பு. மரத்தை நட்டவர் அதனைக் கண்டால் மகிழ்வாரேயன்றிச் சினங்கொள்ளார். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அத்தகையதொரு மரம். 1950ஆம் ஆண்டில் வார இதழொன்றிலே தொடர்கதையாகத் தொடங்கிய அந்நவீனம், 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் இரு பாகங்களாகத் திரைப்படமாகி வெளிவந்தது. அதன் பின்னர் எங்கள் பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களிலும் வந்தியத்தேவனும் பூங்குழலியும் பேச்சுக்குப் பொருளாயினர். நூலை முற்றும் படித்த மாணவர் சிலர். படத்தைப் பார்த்தவர் பலர். இரண்டுமின்றிக் கேள்வியால் அறிந்தவர் மிகப் பலர். அவர்களுள் எழுதும் ஆசை உடையோர், கல்கி நிறுத்திய இடத்திலிருந்து தாமே கதையைத் தொடர முற்பட்டிருக்கின்றனர். சிலர் கைத்தொலைபேசியில் எழுதுகின்றனர். சிலர் பழையபடி அப்பியாசக் கொப்பியில் எழுதி, “சேர், பார்த்துத் தாருங்கள்” என்று நீட்டுகின்றனர். அவ்வாறு நீட்டப்பட்ட கொப்பிகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

பழைய பாத்திரங்களுக்குப் பெயர் ஆயத்தமாக இருக்கிறது. புதிதாகக் கதையுள் நுழைபவருக்கோ பெயர் வேண்டும். அவ்விடத்திலேதான் நம் பிள்ளைகள் இடறுகின்றனர். பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாட்டு வீரனுக்குத் தொலைக்காட்சி நாடகத்து நாயகனின் பெயரைச் சூட்டுகின்றனர். இஃது அறியாமையால் நேர்வது, திருத்திவிடலாம். அதனினும் கருதத்தக்கது மற்றொன்று. புதிதாய் வரும் இளவரசிக்கு ஷகரமும் ஸ்ரீயும் கலந்த பெயர் கிடைக்கிறது. அவளுக்கு நீர் கொண்டுவரும் பணிப்பெண்ணுக்குக் காளியம்மா என்று பெயர். வழிப்பறிக் கள்வனுக்கு முனியாண்டி என்று பெயர். தம் பாட்டன் பாட்டியர் பெயர்களைக் கதையின் கொல்லைப்புறத்தில் நிறுத்திவிட்டு, கேட்டறியாத பெயர்களை நடுக்கூடத்தில் அமர்த்துகின்றனர். இதனை இவர்களுக்குக் கற்பித்தவர் யார் என்று ஆராய்ந்தபோது, அக்குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டென்று கண்டேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

‘ஒருவர் கதையுள் மற்றொருவர் பாத்திரம் படைத்தல் தகுமா?’ என்று வினவும் பெரியோரும் உளர். தமிழில் இது நேற்றுத் தோன்றிய வழக்கன்று. சிலப்பதிகாரத்தின் கதை முடிந்த இடத்திலே மணிமேகலையின் கதை தொடங்குகின்றது. மாதவியும் சித்திராபதியும் முன்னைக் காப்பியத்தில் நாம் அறிந்தவர்கள். ஆபுத்திரனும் ஆதிரையும் காயசண்டிகையும் தீவதிலகையும் சாத்தனார் நமக்குப் புதிதாக அறிமுகம் செய்தவர்கள். அப்பெயர்களை நோக்குங்கள். மணிபல்லவத் தீவிலே பாத்திரத்தின் வரலாறு கூறும் காவற்றெய்வம் தீவதிலகை, இடமே பெயராயிற்று. அமுதசுரபியில் முதற் பிச்சையிட்ட கற்பரசி ஆதிரை. ஒரு விண்மீனின் பெயர், எளிமையும் ஒளியும் உடையது.

ஆபுத்திரன் பெயரோ தனியே நின்று எண்ணத்தக்கது. பெற்றவள் கைவிட்ட குழவிக்குப் பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டியது. வளர்ந்தபின், வேள்விச்சாலையில் கட்டுண்ட பசுவை அவன் விடுவித்தபோது, அந்தணர் அவன் பிறப்பை எடுத்துக்காட்டிப் ‘பசுவின் மகன்’ என்று இழித்துரைத்தனர். எள்ளலாக எறியப்பட்ட அச்சொல்லையே சாத்தனார் அறத்தின் பெயராக்கினார். பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டவன் பெயர் எதுவென்றால், ஊரார் இகழ்ந்த பெயரே. புதிய பாத்திரத்துக்குப் பெயரிடும் கலையில் இதனினும் உயர்ந்த பாடம் தமிழில் உண்டோ என்று யான் அறியேன்.

காப்பியப் புலவர் மட்டுமா? பொதுமக்களும் அவ்வாறே செய்தனர். பாரதக் கதையில் அருச்சுனனுக்கு மனைவியர் பலர். அவர்கள் போதாரென்று நம் நாட்டார் அல்லியையும் பவளக்கொடியையும் கதையுள் கொணர்ந்தனர். ‘அல்லி அரசாணி மாலை’யும் ‘பவளக்கொடி மாலை’யும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சேறி ஊரூராகச் சென்றன. மதுரையை ஆளும் அரசிக்கு வடமொழிப் பெயரைத் தேடி அவர்கள் அலையவில்லை. குளத்தில் மலரும் பூவின் பெயரைச் சூட்டினர். அருச்சுனனையே ஆட்டிப்படைத்த பெண்ணுக்கு அல்லி என்ற ஈரெழுத்து மேலும் ஒற்றெழுத்து ஒன்றும் போதுமாயிருந்தன.

கல்கியும் இம்மரபிலே வந்தவர். வந்தியத்தேவன் பெயரை அவர் புனைந்தாரல்லர். குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைக் கல்வெட்டுக் கூறுகிறது. சதிகாரன் ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டிலே உள்ளது. ஆயின் கோடிக்கரையில் ஓடம் செலுத்தும் பெண்ணைக் கல்லிலே காணோம். அவளுக்குப் பூங்குழலி என்று பெயரிட்டார். அது பழைய தமிழ்த் தொடர். வரலாற்றுப் பெயர்களோடு கலந்து நிற்கும்போது ஒட்டுப்போட்டதாகத் தோன்றவில்லை. கல்கி நிறுத்திய கதையை விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் தொடர்ந்தார். ஆகவே எம் மாணவர் செய்வது களவன்று. வழிவழி வந்த ஆட்சி.

பெயர் தேடும் மாணவருக்கு யான் கூறுவது இதுதான். அப்பிள்ளைக்கு அப்பெயரை இட்ட தாய் யார் என்று முதலில் எண்ணுக. ஆசிரியன் இடும் பெயர் காதுக்கு இனிக்கும். தாய் இடும் பெயர் காலத்தையும் ஊரையும் குலதெய்வத்தையும் காட்டும். கோவலன் தன் குலத்து முன்னோன் ஒருவனைக் கடலினின்று காத்த தெய்வத்தின் பெயரையன்றோ தன் மகளுக்கு இட்டான்! அடுத்து, புதிதாய் வந்தவர் பெயர் பழையவரின் பெயரை அமுக்கிவிடலாகாது. விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரினும் உயர்ந்த ஆசனத்தில் அமர்தல் அழகன்று. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை நெருங்க வைத்தால் படிப்பவர் மயங்குவர். இவையெல்லாம் பழகப் பழக வரும்.

சோழர் காலத்துப் பெயர் வேண்டுமாயின் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைக் காட்டுவேன். முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே ஒன்றொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நக்கன் சேரமங்கை என்பாள் ஒருத்தி. எடுத்தபாதம் என்பாள் மற்றொருத்தி. வந்த கோயில், குடியிருந்த தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பனவும் உள்ளன. ஒவ்வொருத்திக்கும் ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பங்கு. பெயரும் வீடும் பங்கும் ஒருங்கே எழுதப்பட்ட இடாப்பு அது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஆடல்மகளின் வீட்டு வரிசையை இன்று நாம் கூறமுடிகிறது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

மேல் வகுப்பு மாணவி ஒருத்தி கதை எழுதிக் கொணர்ந்தாள். பூங்குழலியின் ஓடத்தில் ஈழத்துக்கு ஒரு கிழவி வருகிறாள். கரையேறியதும் காட்டுவழியே நடந்து மலைநாட்டை அடைகிறாள். யாரும் அவளை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, அவளும் கூறவில்லை. கதை நன்றாக இருந்தது. கிழவியின் பெயர் பேச்சாயி. ‘சோழர் காலத்துக்கு ஒவ்வாது’ என்று ஓரத்தில் எழுதி, சிவப்பு மையால் அப்பெயரை வெட்டி, ‘மலர்விழி’ என்று மேலே எழுதினேன். அந்தப் பெண், “சேர், இந்தப் பேரு கதையில வரக் கூடாதா?” என்று மட்டும் கேட்டாள். காலவழு என்றால் என்ன என்று அவளுக்கு நெடுநேரம் விளக்கினேன். அவள் தலையசைத்துச் சென்றாள்.

சில வாரங்கழித்துத் தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிட அம்மாணவியின் அப்பாயி வந்தார். தாய் வெளிநாட்டிலே வீட்டுப் பணியில் இருக்கிறார். தகப்பன் கொழும்பிலே கடையொன்றில் இருக்கிறார். பிள்ளையை வளர்ப்பவர் இவரே. பெயர் என்னவென்று கேட்டு எழுதப்போனேன். “பேச்சாயிங்க” என்றார். என் பேனா நின்றது. அவர் அதனை வேறுவிதமாக எண்ணிக்கொண்டு, கையிலிருந்த பழைய பத்திரங்களை விரித்துக் காட்டினார். ஒன்றில் ‘பெச்சி’, மற்றொன்றில் ‘பாச்சாய்’, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் போய்வந்த மூன்றாவதை என்னால் வாசிக்கவும் இயலவில்லை. “எனக்கு மூணு பேரு, ஐயா. ஒண்ணும் என் பேரு இல்ல” என்று கூறிச் சிரித்தார். நான்காவதாக மலர்விழி என்றொரு பெயரை யானும் சூட்டியிருந்ததை அவர் அறியார்.

தோட்டத்திலே ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. செக்றோலில் ஒரு நாள் வேலையைப் பதிவதற்குப் ‘பேர் போடுதல்’ என்பர். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒருவரின் பெயரையே பாதியாக வெட்டும் வழக்கு வேறெங்கும் உண்டோ? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பகுத்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. இத்தனை பட்டியல்களிலும் எழுதப்பட்ட பெயர்கள் எழுதியவரின் செவிக்குக் கேட்டபடி எழுதப்பட்டவை. ஓரெழுத்துப் பிழைக்காக ஆள் அடையாள அட்டைக்கு அலைவோரை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். தஞ்சையின் சேரமங்கைக்கு வீட்டு வரிசை உண்டு. இன்றும் பல தோட்டங்களில் லயத்துக் காம்பிராவுக்குத் தனி முகவரி இல்லை.

2023ஆம் ஆண்டில், இம்மக்கள் வரவின் இருநூறாம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் ஒன்று நிகழ்ந்தது. ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரால் தம்மை அழைத்தல் வேண்டும் என்பது நெடுங்காலக் கோரிக்கை. ஓர் இனம் தன் பெயரைத் தானே சொல்ல உரிமை கேட்கும் காலத்தில், அவ்வினத்துப் பிள்ளையொருத்தி தன் கதையில் தானிட்ட பெயரை யான் வெட்டினேன். காலவழு என்றேன். ‘மலர்விழி’க்குச் சோழர் காலச் சான்று என்னிடம் இருந்ததா? இல்லை. செவிக்கு இனிது என்றே எழுதினேன். எனவே யான் வெட்டியது வழுவை அன்று; லயத்துப் பெயரையே வெட்டினேன்.

மறுநாள் அக்கொப்பியைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். அவள் திருத்தி எழுதிய படியில் பேச்சாயியும் இல்லை, மலர்விழியும் இல்லை. கதை முழுதும் ‘ஓடத்தில் வந்த கிழவி’ என்றே இருந்தது. அன்பின் ஐந்திணையில் மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்னும் தொல்காப்பிய விதியை யானே அவ்வகுப்பில் கற்பித்திருந்தேன். பாண்டியனுடைய அடையாளமாகிய வேம்பு வந்ததனாலே நெடுநல்வாடை புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் கூறியதையும் சொல்லியிருந்தேன். அவ்விதியையே எனக்கு விடையாக வைத்துவிட்டாளோ என்று எண்ணி வெட்கினேன். அகத்திலே தலைவிக்குப் பெயர் இல்லையென்றால், அவள் எல்லாப் பெண்களும் ஆகிறாள் என்பது பொருள். கூலி இடாப்பிலே பெயர் இல்லையென்றால், அவள் ஒருவரும் அல்லள் என்பது பொருள். முன்னதைக் கற்பித்த யான் பின்னதைக் கற்பிக்கத் தவறினேன்.

என் திருத்தம் பிழை என்று அவளிடம் கூறினேன். பழைய பெயரையே எழுதும்படி சொன்னேன். அவள் உடனே உடன்படவில்லை. “அப்பாயிகிட்ட கேட்டுட்டு எழுதுறேன், சேர்” என்றாள். அதுவே முறை. அடுத்த கிழமை கொப்பி வந்தது. கிழவி பேச்சாயியாகவே கரையேறியிருந்தாள். ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது: கரையில் நின்ற காவலன் பெயரைக் கேட்க, கிழவி அதனை இருமுறை நிறுத்திச் சொல்கிறாள், அவன் பிழையின்றி ஓலையில் எழுதிக்கொள்கிறான்.

அவ்வரியில் யான் கைவைக்கவில்லை.