கனவானுக்கு வந்தால் காய்ச்சல், கூலிக்கு வந்தால் குற்றமா?

தென்னாப்பிரிக்கக் காடுகளில் விலங்கு பார்க்கப் போகும் ஐரோப்பியக் கனவான்களில் சிலர், திரும்பும்போது ஒரு கிருமியையும் சுமந்து வருகிறார்கள். உண்ணி கடித்து உடம்பில் ஏறும் ரிக்கெட்ஸியா ஆப்பிரிக்கே என்ற பாக்டீரியா அது. சில வேளை உண்ணியே தோலில் ஒட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறது! அதற்காக அந்தக் கனவானை யாரும் பழிப்பதில்லை. 'பயணிகளின் நோய்' என்று பெயரிட்டு மருந்து கொடுக்கிறார்கள். அதுதான் முறை.

பிழைக்க ஊர்விட்டுப் போனவனுக்கு மட்டும் ஏன் வேறு முறை? 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு அஞ்சி, உத்தரப்பிரதேசத்துப் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சியடித்தார்களே! மனிதர்களா அவர்கள், மாட்டுக் கொட்டகையா?

தோழர்களே! உண்ணிக் காய்ச்சல் மூச்சாலோ தொடுவதாலோ பரவாது. நம் நாட்டு நாய் உண்ணியிலும் ரிக்கெட்ஸியா இனக் கிருமி உண்டு. அதை எந்த வெளியூர்க்காரனும் மூட்டை கட்டி வரவில்லை. காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பில் தடிப்பு, கடிபட்ட இடத்தில் கறுத்த பொருக்கு கண்டால் மருத்துவரிடம் ஓடுங்கள். எங்கே வேலை செய்தோம், எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டாக்ஸிசைக்கிளின் விலை மலிந்த மருந்து. காலத்தில் கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் இந்திய உண்ணிக் காய்ச்சல் உயிரையே குடிக்கும்.

'நோய் கொண்டுவந்தவன்' என்று பழித்தால் தொழிலாளி வந்த வழியை மறைப்பான். மறைத்தால் மருந்து பிந்தும். அந்தச் சாவுக்குப் பழித்தவனே பொறுப்பு!

கனவானிடம் மருத்துவர் கேட்கும் அதே கேள்வியை, அதே மரியாதையோடு, நம்மிடமும் கேட்கட்டும். இது சலுகை அல்ல, உரிமை!