வலையறுத்த காயமன்று

குருநகர்க் கடற்கரையிலே காயமில்லாத கையைக் காண்பது அரிது. வலைநூல் அறுக்கும்; மீன்முள் கிழிக்கும். ஆதலால், உயர்தர வகுப்பிற் பயிலும் என் கல்லூரித் தோழரின் மகன், "வலை அறுத்துப்போட்டுது" என்றபோது வீட்டில் எவரும் ஐயுறவில்லை, தாயாரைத் தவிர. வலை விரலையும் உள்ளங்கையையும் அறுக்கும். சட்டைக்கைக்குள் மறையும் இடத்தையோ அறுக்கும்? சித்திரை வெயிலிலும் அவன் நீளக்கைச் சட்டையைக் கழற்றவில்லை; தோழரோடு கடலில் நீராடுவதையும் விட்டிருந்தான். குடும்பத்தாரின் இசைவுடனேயே இதனை எழுதுகின்றேன்.

தந்தையார் ஏசினார். பின் என்னை அழைத்தார். நாற்பதாண்டு ஆசிரியத் தொழில் புரிந்த நானும், "படிக்கிற பிள்ளை செய்யிற வேலையோ இது?" என்றே கேட்டேன். இரண்டு கிழமை அவன் எவருடனும் பேசவில்லை.

தம்மைக் காயப்படுத்துவோர் யாவரும் உயிர்விட விழைபவரல்லர். தாங்கொணா வேதனையைச் சற்றே தணிக்க வேறு வழியறியாதோரே பலர். எனினும் பின்னர்த் தற்கொலைக்கு முயலும் அபாயம் அவர்கட்கு மிகுதி. பிறர் கவனத்தை ஈர்க்கச் செய்கின்றான் என்பாருமுளர். காயத்தை ஒளிப்பவன் எவர் கவனத்தை ஈர்க்கின்றான்? கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்னும் அச்சமும் ஆதாரமற்றதென உளமருத்துவர் கூறுவர்.

துயரை விழுங்கப் பழகிய ஊர் அது. 1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலிலே கொல்லப்பட்ட கடற்றொழிலாளர் 31 பேரை இழந்த ஊர். ஆண்பிள்ளை அழலாகாது என்பதும் அங்கு எழுதாச் சட்டம். எழுதிய சட்டமோ 1998இலேயே மாறிவிட்டது. தற்கொலை முயற்சி அன்று முதல் இந்நாட்டிற் குற்றமன்று. வீடுகள்தாம் இன்னும் வழக்கு விசாரிக்கின்றன.

ஓரிரவு, கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்த தாயார் மகனை அருகில் இருத்தினார். காயத்தைக் காட்டென்று கேட்கவில்லை. "தம்பி, நெஞ்சுக்குள்ள ஏதோ வைச்சிருக்கிறாய். நீ சொல்லுமட்டும் நான் இருக்கிறன்" என்றார். நள்ளிரவு கழிந்தபின் அவன் பேசினான். சாகவேண்டும் போலிருக்கிறதோ என்றும் நேரே கேட்டார். சில வேளை, என்றான்.

யாழ் போதனா வைத்தியசாலை அங்கிருந்து நடந்துபோகும் தூரமே. அத்தூரத்தைக் கடக்க எட்டு நாட் சென்றன. ஊர் என்ன சொல்லும் என்பதே தந்தையார் கவலை. அவ்வெட்டு நாளும் கத்திகளும் மருந்துகளும் தாயாரின் பெட்டகத்திற் பூட்டுண்டிருந்தன. அது வீண் எச்சரிக்கையன்று. 1995 அளவில் இலங்கையில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அத்தொகை பெரிதுங் குறைந்தது. அப்பொல்லாத வேளை கடந்துவிடின் பலர் வாழ்ந்தே விடுகின்றனர். இரவிலும் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தமிழிற் பேசி உதவி பெறலாம்.

கட்டட நிதிக்குக் கைதாராளமான பழைய மாணவராகிய நாம், மாணவன் ஒருவன் கதவைச் சாத்திவிட்டுப் பேசத்தக்க ஓர் அறையையும், ஏசாது கேட்கப் பயின்ற ஓர் ஆசிரியரையும் கல்லூரிக்கு அளித்தாலென்ன? நான் அவ்வாசிரியனாயிருக்கவில்லை.

சிகிச்சை தொடங்கி ஐந்தாம் மாதம் மறுபடியும் ஒருமுறை நேர்ந்தது. இம்முறை தாயார் கண்டுபிடிக்கவில்லை. அவனே வந்து சொன்னான்.