டர்போ காருக்கு ‘கெட்டி’ ஆயில் ஊத்தலாமா? வெயிலைச் சொல்லித் தரப்படும் தப்பான அட்வைஸ்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. 3.7 கி.மீ. நீள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் ரேஸ் டிராக்கும் அதே ஊரில்தான். 120 பிஎஸ் பவர் தரும் ஐ20 என் லைன் (2021), 160 பிஎஸ் தரும் கிரெட்டா என் லைன் (2024) போன்ற டர்போ கார்கள் இங்கிருந்துதான் ரோட்டுக்கு வந்தன.

இப்படி ஒரு காரை இ.எம்.ஐ.யில் வாங்கியவருக்குச் சீக்கிரமே ஒரு அட்வைஸ் கிடைக்கும்: “நம்ம ஊர் வெயிலுக்கு இந்த தண்ணி மாதிரி ஆயில் தாங்காது ப்ரோ, கெட்டியா ஊத்துங்க.” அக்கறையோடு சொல்லப்படும் இந்த அட்வைஸ்தான் இன்ஜினுக்கு வில்லன்.

நம்பர் என்ன சொல்கிறது?

5டபிள்யூ-30 என்பதில் ‘டபிள்யூ’ என்றால் விண்டர். முதல் எண், குளிர்ந்த ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டும். இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் அதன் அடர்த்தி எப்படி என்பதற்கானது. தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்துவதால், வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, சாதாரண ஓட்டத்தில் உள்ளே பெரிய வித்தியாசம் வராது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். ஸ்டார்ட் செய்தவுடன் அதன் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். கெட்டி ஆயில் அங்கே லேட்டாகத்தான் போகும்.

அடர்த்தி மட்டும் போதாது, தரமும் முக்கியம். குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, சில டர்போ இன்ஜின்களில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும். பிஸ்டனையே உடைக்கக்கூடிய இந்தப் பிரச்சினைக்கான சோதனையும் 2020-ல் வந்த ‘ஏபிஐ எஸ்பி’ தரத்தில் அடக்கம்.

அப்போ எதை ஊத்தணும்? மேனுவலில் உள்ள கிரேடும் தரமும்தான். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கு ஆயில் கூடுதலாகச் சூடாகும் என்பது உண்மை. அவரும் மேனுவல் அனுமதிக்கும் கிரேடுகளுக்குள்தான் தேர்வு செய்ய வேண்டும்.

உண்மையான எதிரி 4 கி.மீ. பயணம்

ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கி, 4 கி.மீ. தள்ளி ஷிஃப்டுக்குப் போகிறவரின் கார் முழுசாகச் சூடாகும் முன்பே ஆஃப் ஆகிவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடும். போதாக்குறைக்கு கன்டெய்னர் லாரி தூசி, சிக்னல் நெரிசல். மேனுவல்கள் இதை ‘கடுமையான பயன்பாடு’ என்றே சொல்கின்றன. அதற்குத் தனி அட்டவணையும் இருக்கும்.

10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்பது சாதாரண ஓட்டத்துக்கானது. “இன்னும் 5,000 கூட ஓடலையே” என்று ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டால், விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலும் காப்பாற்றாது.

செலவில்லாத பழக்கங்கள்

* மாதம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்ப்பது. அளவு குறைவதும் பிரச்சினை, தானாகக் கூடுவதும் பிரச்சினை. கூடினால் பெட்ரோல் கலந்திருக்கலாம்.
* ஆயில் கறுத்தாலே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல் இருப்பது. அழுக்கைப் பிடித்து வைப்பதும் அதன் வேலைதான்.
* வேகமாக ஓட்டி வந்தால், கடைசிச் சில நிமிடங்களை மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுவது.

இவற்றோடு, ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை இழுக்கும் என்பதால், மேனுவல் சொல்லும் இடைவெளியில் அதையும் மாற்ற வேண்டும்.

பொறுப்பு ஓனருக்கு மட்டும் இல்லை. தினமும் எவ்வளவு தூரம், எந்த ரோட்டில் ஓட்டுகிறார் என்று சர்வீஸ் சென்டர் கேட்க வேண்டும். பில்லில் வெறுமனே ‘இன்ஜின் ஆயில்’ என்று போடாமல், கிரேடு, தரம், எத்தனை லிட்டர் என்பதை எழுதித் தர வேண்டும். நாளைக்கு வாரன்டி கேட்டுப் போய் நிற்கும்போது ஓனர் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ஒரு பேப்பர்தான்.