நான்கு இரவு, ஐந்து பகல்

மே மாதம் நெருங்கினால் கோவையில் எந்த டூர் போஸ்டரைப் பார்த்தாலும் ஒரே வாசகம்தான்: 4 இரவு, 5 பகல், குழந்தைகளுடன் ஒரு ட்ராபிகல் ஹாலிடே. அந்த ‘ட்ராபிகல்’ என்ற சொல்லை வைத்து ஒரு பக்கம் முழுக்கக் கிண்டலடிக்கலாம். கோவை இருப்பது 11 பாகை வட அட்சத்தில். பேங்காக் பதின்மூன்றரைக்கும் மேலே. கணக்குப்படி நாம்தான் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். (புக்கெட் எட்டுக்கு அருகில் என்று உடனே மேப்பைத் திறக்கும் நண்பர்களுக்கு: தெரியும்.) தென்னை, வாழை, பலா, மாம்பழம், வேர்வை, யானை எல்லாம் இங்கேயும் உண்டு. ஹாம்பர்க்கில் இருப்பவனுக்கு வெப்பமண்டலம் போய்ச் சேர வேண்டிய ஊர். நமக்கு அது ஆதார் அட்டையில் இருக்கிற முகவரி.

ஆனால் என் சண்டை அதோடு இல்லை. போனவர்களைக் கேலி செய்யும் கட்டுரைகள் போதுமான அளவுக்கு வந்துவிட்டன. போன மே மாதம் மனைவியும் நானும் ஐந்து வயதும் இரண்டரை வயதுமான இரண்டு குழந்தைகளோடு புக்கெட் போனோம். நன்றாகத்தான் இருந்தது. மறுபடியும் போவோம். என் சண்டை போஸ்டரின் முன்பாதியோடு. அந்த நான்கு இரவோடும் ஐந்து பகலோடும்.

தாய்லாந்து 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றது. டிசம்பர் 1 முதல் மலேசியாவும் அதையே செய்தது. அதன்பிறகு சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் எங்களைப் போல ஐ.டி.யில் வேலை செய்பவர்களில் போகாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் ஹோட்டலில் காலை உணவு நேரத்தில் ‘ஏனுங்க, தயிர் இருக்குதுங்களா’ என்ற குரல் இரண்டு மேசைகளிலிருந்து கேட்டது.

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் காலை ஏழு மணிக்கு இரண்டு வகைக் குடும்பங்களைப் பார்க்கலாம். முதல் வகை நாம். அப்பா போனில் வேன் டிரைவரிடம் பேசிக்கொண்டிருப்பார். அம்மா அவித்த முட்டையையும் வாழைப்பழத்தையும் டிஷ்யூ பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே, தூக்கம் கலையாத பிள்ளையின் வாயில் எதையோ திணித்துக்கொண்டிருப்பார். ஏழரைக்கு வேன். இன்று ஃபி ஃபி தீவு, நாளை ஜேம்ஸ் பாண்ட் தீவு, அடுத்த நாள் யானை, அதற்கடுத்த நாள் ஷாப்பிங். இரண்டாம் வகை எட்டரைக்கு மேல்தான் மெதுவாக வந்து சேரும். வெள்ளைக்காரக் குடும்பங்கள். அப்பன் கையில் செங்கல் கனத்தில் ஒரு நாவல். பிள்ளைகள் நீச்சல்குளத்துப் படிக்கட்டில் ஒரே கோப்பையில் தண்ணீர் மொண்டு, ஊற்றி, மறுபடி மொண்டு. நாம் ராத்திரி எட்டு மணிக்கு அரைப்பிணமாகத் திரும்பும்போதும் அந்தப் பிள்ளைகள் அங்கேயே ஏதாவது செய்துகொண்டிருக்கும்.

லிஃப்டில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: “வெள்ளக்காரன் வாழத் தெரிஞ்சவனுங்க. நம்மாளுக்கு அந்த ரசனையே பத்தாதுங்க.”

இந்த வாக்கியம் லிஃப்டில் மட்டும் இல்லை. இலக்கிய வட்டத்திலும் இதேதான் கொஞ்சம் நல்ல தமிழில் புழங்குகிறது. இந்தியன் செல்ஃபி எடுக்கிறான், ஐரோப்பியன் இடத்தை அனுபவிக்கிறான். நமக்கு இயற்கையைப் பார்க்கத் தெரியாது. நாம் சுற்றுலாப் பயணிகள், அவர்கள் பயணிகள். இதைவிடச் சோம்பேறித்தனமான வாதத்தை நான் கேட்டதில்லை. அந்த நாவல்காரரிடம் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்டேன். இருபத்திரண்டு இரவு என்றார். இருபத்திரண்டு இரவு கையில் இருந்தால் பொள்ளாச்சிக்காரரும் நாவல் படிப்பார். நான்கு இரவுதான் என்றால் அந்த ஜெர்மானியரும் ஏழரை மணி வேனில் முட்டையோடு ஏறுவார். இதில் ரசனை எங்கே வந்தது? நாள்கணக்கு சார், வேறொன்றுமில்லை.

நாள்கணக்கையே பார்ப்போம். 1963ஆம் ஆண்டின் ஜெர்மன் விடுமுறைச் சட்டப்படி ஒரு தொழிலாளிக்கு வருடத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அதைப் பிரித்து எடுப்பதானாலும் ஒரு பகுதியாவது தொடர்ச்சியாக 12 வேலை நாட்கள் இருக்க வேண்டும். சனிக்கிழமையையும் வேலை நாளாக எண்ணுகிற சட்டம் அது, ஆகவே 12 என்றால் முழுதாக இரண்டு வாரம். துண்டு துண்டாக எடுத்தால் மனிதன் ஓய்வெடுத்ததாக ஆகாது என்பதைச் சட்டம் எழுதியவர்களே யோசித்திருக்கிறார்கள். இப்போது 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு வருவோம். நாம் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் கட்டடங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருபவைதான். ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தபின் வருடத்துக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. நோய்க்கு 12, தற்செயலுக்கு 12 தனி. அவர்கள் ஒரே மூச்சில் எடுக்கச் சொல்கிற 12, நமக்கு வருடம் முழுவதற்குமான 12.

இன்னும் ஒரு வேடிக்கை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நடைமுறையில் இருந்தவரை, வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளைக்கு ஒரு நாள் விடுமுறை சேர்ந்தது. 300 நாள் வேலை செய்த மில் தொழிலாளிக்கு 15 நாள். சட்டத்தின் குறைந்தபட்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பீளமேட்டில் நூற்பாலையில் நின்ற தாத்தாவுக்கு இருந்த உரிமை, அதே பீளமேட்டில் லேப்டாப் முன் உட்காரும் பேரனுக்குக் கடைகள் சட்டத்தில் இல்லை. கம்பெனிகள் இதற்கு மேலும் கொஞ்சம் தருகின்றன, மறுக்கவில்லை. தருவது அவர்கள் விருப்பம். அதை எப்போது எடுப்பது என்பதும் அவர்கள் விருப்பம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 132ஆம் ஒப்பந்தம் 1970இலேயே மூன்று வாரம் குறைந்தபட்சம் என்றது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை.

என் அணியின் வாடிக்கையாளர் ஒரு ஜெர்மன் நிறுவனம். அங்கே எனக்கு இணையான வேலையில் இருப்பவர் ஆகஸ்டில் மூன்று வாரம் போய்விடுவார். மெயில் போட்டால் தானியங்கிப் பதில் வரும். அவசரம் என்றால் யாரைத் தொடர்புகொள்வது என்று அதில் ஒரு பெயர் இருக்கும். என் பெயர். அதே குறியீட்டுத் தொகுப்பு, அதே பிழைகள், அதே டிக்கெட் எண்கள். அவர் பிள்ளைகள் கோப்பையில் தண்ணீர் மொள்ளும் நேரம் எங்கிருந்து வருகிறது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, நமக்கு இருக்கிற கொஞ்ச நாளையாவது எடுக்கிறோமா? எடுக்காமல் சேர்த்து விற்கிறோம். வேலையை விடும்போது கிடைக்கும் லீவ் என்கேஷ்மென்ட்டுக்கு வரிவிலக்கு வரம்பை 2023இல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்த்தியபோது எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் இனிப்பு எமோஜி பறந்தது. வாழாத நாட்களுக்கு நல்ல விலை!

இந்த ஐந்து பகலில் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இது வெறும் சம்பளப் பஞ்சாயத்து இல்லை என்று புரியும். ‘கொழந்தைக்கு ஒரு எக்ஸ்போஷர் வேணும்ல’ என்பார்கள். ‘ரெண்டு வயசு முடியறதுக்குள்ள போயிட்டு வந்துரணும்’ என்பார்கள். இரண்டு முடியாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், தனி சீட்டு வாங்க வேண்டாம் என்பதுதான் அதன் பின்னாலிருக்கும் பொருளாதாரம். எதிர்த்தரப்பு உடனே, ‘மூணு வயசுக்கு முன்னாடி நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது, எதுக்குச் செலவு’ என்று வரும். இதுவும் உதவாத வாதம். இரண்டு வயதில் ஊட்டிய பருப்புச் சாதமும்தான் ஞாபகம் இருக்காது. அதற்காக ஊட்டாமல் விடுவதா?

சின்னக் குழந்தைக்கு வேண்டியது ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது, பக்கத்தில் அவசரமில்லாத ஒரு பெரியவர் இருப்பது. என் சின்னவளுக்கு அந்தப் பயணத்தில் மிகப் பிடித்தது ஹோட்டல் வராண்டாவில் எறும்பு வரிசை. அரை மணி நேரம் குந்த வைத்து உட்கார்ந்திருந்தாள். பெரியவனுக்கு லிஃப்ட் பொத்தான்கள். இதைச் சொன்னால், ‘அதுக்கு எதுக்கு புக்கெட், நம்மூர்லயே எறும்பு இருக்குதே’ என்று சிரிப்பார்கள். எறும்பு இருக்கிறதுங்க. எறும்புக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார அப்பன் எங்கே இருக்கிறான்? அவன் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் இருக்கிறான். மேலும், அங்கே மே மாதம் என்பது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம். புக்கெட்டின் மேற்குக் கடற்கரைகளில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள், கடலில் இறங்கக் கூடாது. மூன்று வாரக்காரனுக்கு மூன்று நாள் சிவப்புக் கொடி என்பது நாவலின் அடுத்த அத்தியாயம். நமக்கு அது மொத்த விடுமுறையில் பாதிக்கு மேல்.

ஃபி ஃபி தீவில் மாயா பே என்று ஒரு கடற்கரை. கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் செத்துக்கொண்டிருந்ததால் 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம் மூடுகிறார்கள். ஒரு கடற்கரைக்கு வருடத்துக்கு இரண்டு மாதம் லீவு! எங்கள் அறையைச் சுத்தம் செய்த பெண்மணிக்கு அது கிடையாது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் பேசினோம். வடகிழக்கே ஈசான் பகுதியிலிருந்து வந்தவர். பிள்ளை அங்கே பாட்டியிடம். ஏப்ரலில் சோங்க்ரானுக்கு, அதாவது நம் சித்திரை ஒன்றை ஒட்டி, ஊருக்குப் போனாராம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கும் பீகார், ஒடிசா அம்மாக்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான் வரும். பண்டிகையின் பெயர் மட்டும் மாறும்.

இந்த இடத்தில் நம் எழுத்தாளர்கள் ‘அம்மாயி ஊர் லீவு’ புராணத்தை எடுப்பார்கள். எனக்கும் உண்டு. கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால், கொடிவேரி, பன்னிரண்டு வாண்டுகள், நாற்பது நாள். சொர்க்கம்தான், பொய்யில்லை. ஆனால் அந்தச் சொர்க்கத்தை யார் ஓட்டினார்கள் என்று ஒருமுறையாவது எழுதுங்கள். அம்மாயி காலை நாலு மணிக்கு எழுந்து பன்னிரண்டு பேருக்கு இட்லி ஊற்றினார். அம்மாவும் சித்திகளும் மாறி மாறி அடுப்படியில். அப்பா? கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேங்காய் பன்னோடு வருவார், சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். என் மே மாதங்கள் எதிலும் அப்பா முழுசாக இல்லை. பெண்களின் கூலியில்லாத உழைப்பில் நடந்த ஒரு ஏற்பாட்டை ‘அந்தக் காலம்’ என்று உருகி எழுதிவிட்டு, இன்றைய பெற்றோர் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவதில்லை என்று குறைபட்டுக்கொள்வது நியாயமே இல்லை. இன்று அந்த அம்மாயியின் மகளும் வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் அதே 12 நாள்தான்.

அந்த 12 நாளில் நான்கைப் பிய்த்து எடுத்துக்கொண்டு அவள் புக்கெட் வந்தால், அங்கேயும் எலெக்ட்ரிக் குக்கர், ரசப்பொடி, பாராசிட்டமால் சிரப், மாற்று உடை எல்லாம் அவள் பையில்தான். எங்கள் வீட்டில் நாங்கள் அலுவலக ஆன்-கால் முறையில் ஷிஃப்ட் போட்டுக்கொண்டோம். காலை நான், மதியத்துக்கு மேல் அவள், இரவு யாருக்குத் தூக்கம் வரவில்லையோ அவர். வேலை குறையவில்லை, பங்கு பிரிந்தது, அவ்வளவுதான். பக்கத்து அறை அம்மா ஐந்து நாளும் கடலில் கால் நனைத்ததை நான் பார்க்கவில்லை. அவர் கணவரின் ஸ்டேட்டஸில் குடும்பம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

கொங்கு நாட்டில் இதைப் பேசுவது கொஞ்சம் ஆபத்து. இங்கே ‘எங்கப்பா ஒரு நாள்கூட லீவு போட்டதில்லீங்க’ என்பது பரம்பரைப் பெருமை. லேத் பட்டறையிலிருந்து மில் வரை உழைத்து உயர்ந்த ஊர், அதன் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் முதலாளி தன் பட்டறையில் தனக்காக ஓய்வில்லாமல் உழைப்பதும், சம்பளக்காரன் அவருக்காக அப்படி உழைப்பதும் ஒன்றில்லை. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 ஆக்கி, ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டார். நாம் என்ன செய்தோம்? மீம் போட்டோம். நல்ல மீம்கள்தான்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. பத்தே நாள். சங்கம் வைத்திருப்பவர்களால் பத்து நாளில் ஒரு சட்டத்தைத் திருப்பி அனுப்ப முடிகிறது. வருடத்துக்கு இரண்டு முறை வெளிநாடு போகும் நம்மால் ஒரு வெள்ளிக்கிழமை லீவைக்கூட நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. ‘பேக்கப் யாரு’ என்ற கேள்விக்கு நாமே பதில் தயார் செய்துகொண்டு போகிறோம்.

நாள் இல்லாததால் எல்லோரும் ஒரே வாரத்தில் கிளம்புகிறோம். ஊட்டிக்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்று அலுத்துக்கொள்கிறோம். உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே முதல் இ-பாஸ் வைத்தது. அடுத்த வருடம் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையே விதித்தது. அந்த இரண்டாயிரம் வித்தியாசத்தில் இருப்பவர்கள் யார்? வார நாளில் வர முடியாதவர்கள். நாம்தான். மலைக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

ஆகவே ஊட்டியா புக்கெட்டா, அம்மாயி ஊரா ரிசார்ட்டா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் அப்பா, அம்மா இருவருக்கும் ஒரே நேரத்தில், தொடர்ச்சியாக, போன் அடிக்காத இரண்டு வாரம் வேண்டும். அது சட்டத்தில் எழுதப்பட வேண்டும், மேனேஜரின் மனநிலையில் அல்ல. அதுவரை டூர் ஏஜென்சிகள் இடத்தை விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களிடம் நாள் ஸ்டாக் இல்லை.

வருகிற மே மாதத்துக்குப் பத்து வேலை நாள் கேட்டு போர்ட்டலில் போட்டிருக்கிறேன். மனைவியும் அவள் அலுவலகத்தில் அதே தேதிகளைப் போட்டிருக்கிறாள். என் மேனேஜர் நல்ல மனிதர், கூப்பிட்டு அக்கறையாகத்தான் விசாரித்தார். “பத்து நாளா? எங்கே, யூரோப்பா?”

“எங்கேயும் இல்லீங்க. வீட்லதான்.”

“அப்புறம் எதுக்குங்க லீவு?”

விண்ணப்பம் இன்னும் பென்டிங்கில் இருக்கிறது.