பாட்டுக்கு மார்க்கா, பவுடருக்கு மார்க்கா?

பார்பர்ஷாப் குவார்டெட் தெரியுமா? அமெரிக்கப் பாட்டு முறை. பக்கவாத்தியமே கிடையாது. நான்கு குரல்கள் சுருதி பிசகாமல் சேர்ந்தால், யாருமே பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே கேட்கும். அதற்குத்தான் இத்தனை பாடும்!

1945-ல் டல்சா நகரில் பெண்கள் இதற்கென்றே தொடங்கிய அமைப்பு 'ஸ்வீட் அடலைன்ஸ்'. அதன் போட்டிகளில் ஒலி, இசை, வெளிப்பாடு, மேடைத்தோற்றம் என்று நீண்ட காலம் நான்கு பிரிவுகளில் மதிப்பெண். நான்காவதில் உடை, மேக்கப் எல்லாம் கணக்கு. ஜெயித்தவர்களுக்குக் கிரீடம் வேறு!

"மேடைன்னா பார்க்கவும் நல்லா இருக்க வேண்டாமா?" என்பார்கள். சரி, பாட்டின் உணர்ச்சி முகத்தில் தெரிகிறதா என்று பார்க்கட்டும். அதோடு நிறுத்தட்டும். 2018-ல் பெண்களையும் உறுப்பினராக்கிய ஆண்கள் சங்கத்தில் இசை, நிகழ்த்துதல், பாடுதல் என்று மூன்றே பிரிவுகள். குடியா முழுகிவிட்டது?

அந்த ஐந்தாவது குரலுக்கு முகமே கிடையாது. அதற்கு எந்தக் கலர் லிப்ஸ்டிக் பூசுவார்களாம்?