ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி

உங்க வீட்டு ஃபிரிட்ஜைக் கடைசியா எப்போ சுவத்துல இருந்து இழுத்துப் பார்த்தீங்க?

நான் போன மாசம் வரைக்கும் பார்த்ததே இல்ல. எக்ஸாம்ல வேப்பர் கம்ப்ரஷன் சைக்கிளை அம்புக்குறி போட்டு வரைஞ்சு 13 மார்க் வாங்கினவன்தான். அந்த கண்டன்சர் எங்க வீட்டுல எங்க இருக்குன்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பேன்.

தாம்பரம் பக்கம் இருக்கிற நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2019 ஜூன் மாதம் சேலையூரில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் பிடித்த தீயின் புகையில் மூச்சுத்திணறி ஒரே குடும்பத்தில் 3 பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் ஊரப்பாக்கத்தில் அதே போல இன்னும் 3 பேர். அது ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு. வெளிநாட்டுல இருந்து வந்திருந்த குடும்பம். ரெண்டு இடத்துக்கும் நடுவுல 20 கிலோமீட்டர் கூட இல்லை.

செய்திகள்ல "ஃபிரிட்ஜ் வெடித்து"ன்னுதான் போட்டாங்க. அந்த வார்த்தைதான் எனக்குப் பிரச்சினை. வெடிச்சதுன்னா என்னமோ குண்டு மாதிரி, நம்ம கையில எதுவும் இல்லாத மாதிரி தோணுது. ஆனா உயிரை எடுத்தது புகை. ஃபிரிட்ஜ் சுவருக்குள்ள இருக்கிறது பாலியூரித்தேன் ஃபோம். அது எரிஞ்சா கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஏசி போட்டு ஜன்னலை எல்லாம் சாத்திட்டுத் தூங்குறவங்களை அது எழுப்பாது.

என் அத்தை பொண்ணு அமெரிக்காவுல இருக்கா. துணி காய வைக்கிற டிரையர்ல ஒவ்வொரு தடவையும் ஃபில்டரைக் கழட்டி பஞ்சை எடுப்பா. பஞ்சு சேர்ந்து காத்து வெளிய போற வழி அடைஞ்சா தீப்பிடிக்கும்னு அங்க எல்லாருக்கும் தெரியும். நமக்கு மொட்டை மாடி இருக்கு, டிரையர் தேவையில்லை. ஆனா 24 மணி நேரமும் ஓடி, பின்னாடி சூட்டைத் தள்ளுற ஒரு மெஷின் நம்ம வீட்டுலயும் இருக்கே! அதுல தூசி அடைஞ்சாலோ, சுவத்தோட ஒட்டி வச்சாலோ சூடு வெளிய போகாது. கம்ப்ரஸர் நிக்காம ஓடும்.

"எம்சிபி இருக்குல்ல, ட்ரிப் ஆயிடும்"னு ஈஈஈ பசங்களே சொல்றாங்க. கரண்ட் அளவுக்கு மேல போனாத்தான் அது ட்ரிப் ஆகும். பிளக் லூஸா இருந்து, அந்த இடம் மட்டும் சூடாகி உருகினா கரண்ட் நார்மலாத்தான் இருக்கும். எம்சிபிக்கு ஒண்ணுமே தெரியாது.

2017-ல லண்டன் கிரென்ஃபெல் டவர்ல 72 பேர் இறந்த தீயும் நாலாவது மாடியில ஒரு வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்துலதான் ஆரம்பிச்சது. அது பரவினதுக்குக் கட்டடத்தோட வெளிப்பூச்சுப் பலகைகள் காரணம், அது தனிக்கதை.

எனக்கு உண்மையான பயம் நம்ம பேச்சுலர் ரூம்கள் மேலதான். ஓஎல்எக்ஸ்ல வாங்கின பழைய ஃபிரிட்ஜ், கட்டிலுக்குப் பக்கத்துல. அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இண்டக்ஷன் ஸ்டவ், ரெண்டு லேப்டாப் சார்ஜர். ஃபிரிட்ஜ் மேல பழைய ரெக்கார்ட் நோட்டுக் கட்டு. ஹவுஸ் ஓனர் மூணு மாச அட்வான்ஸ் கேக்குறார், ஒழுங்கான ஒரு பிளக் பாயிண்ட் கேட்டா மட்டும் யோசிக்கிறார். வாடகை பேசும்போதே நாமதான் அதைக் கேக்கணும். ஃபிரிட்ஜுக்குத் தனி பாயிண்ட் வேணும், படுக்கிற ரூம்ல அது வேண்டாம். நாலு பேர் காசு போட்டா ஒரு ஸ்மோக் அலாரம் வாங்கிடலாம், ஒரு பிரியாணி ட்ரீட் காசுதான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பிளக்கைப் பிடுங்கிட்டு அம்மாவும் நானும் எங்க ஃபிரிட்ஜை இழுத்தோம். கம்ப்ரஸர் மேல விரல் கனத்துக்குத் தூசி, ஒட்டடை, ஒரு கொலுசுத் திருகாணி. காஞ்ச பிரஷால தட்டி எடுக்க இருபது நிமிஷம் ஆச்சு. அப்புறம்தான் பிளக்கைப் பார்த்தேன். ஒரு பின்னைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பாகி லேசா உருகியிருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பிளக்கையும் சாக்கெட்டையும் மாத்தற வரைக்கும், ரெண்டு நாள், பால் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்ல இருந்தது.

அந்தப் பிளக்கை அப்பா தூக்கிப் போட விடலை. டிவி ஸ்டாண்டு மேல இருக்கு, வர்றவங்களுக்கெல்லாம் காட்டிட்டு இருக்கார்.