உண்டேனா, தின்றேனா?

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, ஐதராபாத்தில் என்னுடன் விடுதி அறையைப் பகிர்ந்துகொள்ளும் தெலுங்கு நண்பர், "மதியம் என்ன பப்பு போட்டார்கள்?" என்று கேட்டார். எவ்வளவு முயன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. உணவுக்கூடத்தில் இருந்து தட்டை அறைக்குக் கொண்டுவந்து, ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்தியபடியே வயிற்றை நிரப்பியிருந்தேன். பசி தீர்ந்தது உண்மை. ஆனால் அதை உண்டது என்று சொல்லலாமா?

மொழியியல் பயின்ற எனக்கு அப்போது தொல்காப்பியத்தின் கிளவியாக்க விதி ஒன்று நினைவுக்கு வந்தது. பல வினைகளுக்குரிய பொருள்களைத் தொகுத்துக் கூறும் பொதுச்சொல்லை, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு அடிசில். அதனுள் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன யாவும் அடங்குவதால், அடிசிலை அயின்றார் அல்லது மிசைந்தார் எனலாம், உண்டார் எனலாகாது.

இன்று அந்தப் பொதுவினையின் இடத்தில் 'சாப்பிடு' இருக்கிறது. சோறு, காப்பி, மாத்திரை எல்லாவற்றையும் சாப்பிடுகிறோம். சொல் மறைந்ததால்தான் பழக்கம் கெட்டது என்று நான் வாதிட வரவில்லை. பொதுச்சொல்லின் தேவையை இலக்கணமே ஏற்கிறது. ஆனால் பேச்சுக்குப் போதுமான பொதுச்சொல், நம் உடலின் கணக்குக்குப் போதாது.

ஒரு வாரம், உண்டவை, தின்றவை, கொறித்தவை, பருகியவை என நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். "இரண்டு வேளைதான் சாப்பிடுகிறேன்" என்று வீட்டில் சொல்லிவந்தது பொய்யன்று. உண்டவை இரண்டே வரிகள். பருகியவற்றில் மட்டும் நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறுகரண்டிச் சர்க்கரை. அதுவே 40 கிராம். இத்தகைய சர்க்கரை நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

உணவுப் பழக்க ஆய்வுகள் அனைத்தையும் நாம் நம்பிவிட முடியாது. இத்துறையில் பெரும்புகழ் பெற்றிருந்த பிரையன் வான்சிங்க் ஆய்வு முறைகேடு செய்ததாக 2018இல் கார்னெல் பல்கலைக்கழகமே கண்டறிந்தது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. எனினும், பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஒரு மீளாய்வின் முடிவு கவனிக்கத்தக்கது. கவனம் சிதறி உண்பவர்கள் அவ்வேளையில் மட்டுமன்றி அடுத்த வேளையிலும் கூடுதலாக உண்கிறார்கள். முன்பு உண்டதை நினைவுகூர்வோர் குறைவாக உண்கிறார்கள். மதிய உணவு நினைவில் இல்லாத எனக்கு இரவில் ஏன் கை பிஸ்கட் பொட்டலத்தை நாடியது என்பது விளங்கிற்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கவனித்து உண்பது தனிமனித ஒழுக்கம் மட்டுமன்று. இரவு ஒன்பது மணிக்கு உணவுக்கூடம் மூடப்படும். எட்டே முக்கால் வரை கருத்தரங்கு நீளும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் எவரும் உண்ண முடியாது, விழுங்கத்தான் முடியும். பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: உணவு வேளையில் கூட்டம் வைக்காதீர்கள். மாணவர்களுக்கு: நாளுக்கு ஒரு வேளையாவது திரையை மூடிவிட்டு உண்ணுங்கள். எல்லா வேளையும் என்று தொடங்கினால் மூன்றாம் நாளே கைவிடுவோம். என் முதல் முயற்சி அப்படித்தான் முடிந்தது.

நண்பருக்கு இப்போது விடை சொல்ல முடிகிறது. இன்று மதியம் கோங்கூரப் பப்பு, நம் ஊரில் புளிச்சக்கீரைப் பருப்பு. புளிப்பு சற்று மிகுதி. உண்டேன்.